மேஃப்ளவர் முகங்கள், மாதரின் விக், ஏலின் மேசை: அமெரிக்கக் குடியேறிகளின் உருவப்படங்களை எந்த அளவு நம்பலாம்?

திண்ணை | மார்ச் 4, காலை 10.12

1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு மேஃப்ளவர் கப்பலில் போன 102 பேரில் முக்கியமானவர்கள் என்று சொல்லப்படும் எல்லாருக்கும் வலையில் படம் கிடைக்கிறது. பிராட்ஃபோர்ட், ஸ்டாண்டிஷ், வின்ஸ்லோ. எல்லாரும் ஒரே அச்சு: கறுப்பு உடை, உயரத் தொப்பி, வெள்ளைக் கழுத்துப்பட்டி. என் வாதம் இதுதான். நியூ இங்கிலாந்தில் குடியேறிய ப்யூரிட்டன்கள் (கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவினர்) உருவங்களை வெறுத்தவர்கள். தேவாலயத்தில் ஒரு படம்கூட வைக்காதவர்கள் வீட்டுச் சுவரில் தங்கள் முகத்தை மாட்டியிருப்பார்களா? ஆகவே 1600களின் நியூ இங்கிலாந்து உருவப்படங்கள் அத்தனையும் பிற்காலக் கற்பனை. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

ஈயவெள்ளை | மார்ச் 4, காலை 11.50

முன்பாதி சரி, பின்பாதி தவறு.

பிராட்ஃபோர்ட் உயிரோடு இருந்தபோது வரைந்த படம் என்று எதுவும் நம் கைக்கு வரவில்லை. ஸ்டாண்டிஷ் பெயரில் சுற்றும் படத்துக்கும் நம்பத்தகுந்த பின்புலம் இல்லை. அந்தக் கப்பலில் வந்தவர்களில் நேரில் உட்காரவைத்து வரையப்பட்ட முகம் எட்வர்ட் வின்ஸ்லோவுடையது மட்டும். அதுவும் அவர்கள் குடியேறிய பிளிமத்தில் வரைந்ததல்ல. 1646இல் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார், 1651இல் லண்டனில் வரையப்பட்டது. அதே ஆண்டு மகன் ஜோசையாவுக்கும் அங்கேயே படம் எழுதினார்கள். இப்போது பிளிமத்தின் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாலு வருஷம் கழித்து வின்ஸ்லோ ஜமைக்கா பக்கம் கடலிலேயே இறந்துபோனார். லண்டனுக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்த ஒரு முகமும் நமக்கு மிஞ்சியிருக்காது.

இனி பின்பாதி. வழிபாட்டு இடத்தில்தான் படம் கூடாது. வீட்டில் தகப்பன், தாய், பிள்ளை படத்துக்குத் தடை கிடையாது. பாஸ்டனில் 1670 முதல் 1674க்குள் வரைந்த ஒரு சிறு தொகுதியே இருக்கிறது: கிப்ஸ் வீட்டுக் குழந்தைகள் மூன்று பேர் (1670), வணிகர் ஜான் ஃப்ரீக், அவர் மனைவி எலிசபெத். ஓவியர் பெயர் தெரியாததால் 'ஃப்ரீக் லிம்னர்', அதாவது ஃப்ரீக் படம் எழுதியவர், என்பார்கள். பெயர் தெரியாவிட்டாலும் கை ஒன்றுதான் என்பது துணி மடிப்பையும் லேஸையும் வரைந்த விதத்திலேயே தெரிகிறது. முகத்தில் நிழல் மிகக் குறைவு, உடம்புக்குக் கனம் இல்லை, ஆனால் லேஸின் ஒவ்வொரு கண்ணியும் எண்ணி வரைந்தது.

ஈயவெள்ளை | மார்ச் 4, மதியம் 12.05

கறுப்பு உடை பற்றி விட்டுவிட்டேன். ஜான் ஃப்ரீக்கின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: அகலமான லேஸ் கழுத்துப்பட்டி, வரிசையாக வெள்ளிப் பொத்தான்கள், கையில் கையுறை. எலிசபெத்துக்குச் சிவப்பு ரிப்பன், முத்துமாலை, விரலில் மோதிரம்.

மாசசூசெட்ஸில் 1651இல் ஒரு சட்டம் போட்டார்கள். 200 பவுண்டுக்குக் குறைவான சொத்து உள்ளவர் தங்க, வெள்ளி லேஸோ பொத்தானோ அணியக் கூடாது. கெஜம் 2 ஷில்லிங்குக்கு மேல் விலையுள்ள லேஸும் கூடாது. மீறினால் ஒவ்வொரு தடவைக்கும் 10 ஷில்லிங் அபராதம். அதிகாரிகளுக்கும் படித்தவர்களுக்கும் விலக்கு உண்டு. அந்தச் சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஃப்ரீக்கின் படம் ஒரு சொத்து அறிக்கை. 'இதை அணிய எனக்குத் தகுதி இருக்கிறது' என்று பொத்தான் பொத்தானாகச் சொல்கிறார்.

பாரிமுனை | மார்ச் 4, மதியம் 2.31

கல்யாண ஆல்பத்தில் ஒட்டியாணம் தெரியும்படி நிற்கவைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அடிக்க வருவீர்களா?

திண்ணை | மார்ச் 4, மாலை 6.20

எலிசபெத் மடியில் இருக்கும் குழந்தை பின்னால் யாரோ சேர்த்தது என்று படித்தேன். அப்படியானால் அந்தப் படமும் திருத்தப்பட்டதுதானே?

மூலைஆப்பு | மார்ச் 4, இரவு 9.02

'யாரோ' இல்லை. முதல் படம் 1671 வாக்கில். அதில் எலிசபெத் தனியாக, கைகள் மடியில், கையில் விசிறி என்று தெரிகிறது. 1674இல் எட்டாவது குழந்தை மேரி பிறந்ததும் படத்தைத் திரும்ப எடுத்துக் குழந்தையைச் சேர்த்தார்கள், கைகளின் இடத்தையும் மாற்றினார்கள். வூஸ்டர் கலை அருங்காட்சியகத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் கீழே உள்ள கைகள் தெரிந்தன. அதே ஓவியர், அதே வீடு, மூன்று வருஷ இடைவெளி. குழந்தைக்கு 6 மாதம் என்று படத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

எக்ஸ்ரேயில் ஏன் தெரிகிறது என்றால், ஈயத்திலிருந்து செய்யும் வெள்ளை வண்ணமான ஈய வெள்ளை கதிரை மறிக்கும். தோலும் லேஸும் பெரும்பாலும் ஈய வெள்ளை. அதனால் மேலே என்ன பூசினாலும் கீழே இருக்கும் கை வெளுப்பாக வந்து நிற்கும். கறுப்பு, பழுப்பு மண்நிறங்கள் கதிரை விட்டுவிடும். ஆகவே இருட்டுப் பின்னணியில் செய்த மாற்றம் எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம்.

ஜான் ஃப்ரீக் அடுத்த வருஷமே பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்ததில் இறந்தார். குழந்தையைச் சேர்க்கச் சொன்னது சரியான நேரம்.

திண்ணை | மார்ச் 5, காலை 8.44

சரி, என் வாதத்தில் ஓட்டை விழுந்தது. கேள்வியை மாற்றுகிறேன். ஒரு பழைய படத்தின் கீழே 'இன்னார், இந்த ஆண்டு' என்று எழுதியிருந்தால் அதை எப்படிச் சோதிப்பது? அருங்காட்சியகம் சொன்னது என்பதற்காக நம்ப வேண்டியதில்லை அல்லவா?

ஈயவெள்ளை | மார்ச் 5, காலை 10.30

மூன்று காலங்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தவரின் வயது, உடையின் காலம், ஓவியர் அந்த ஊரில் இருந்த காலம். மூன்றும் ஒரு இடத்தில் மேற்படிய வேண்டும். படியாவிட்டால் பெயரோ ஓவியரோ தவறு.

பாஸ்டனுக்கு ஓவியர்களின் காலம் நன்றாகவே தெரியும். ஜான் ஸ்மைபர்ட் எடின்பரோவில் பிறந்து லண்டனில் தொழில் செய்தவர், 1729இல் வந்தார், 1740களின் நடு வரை வரைந்தார், 1751இல் இறந்தார். அவர் கைப்பட எழுதிய கணக்கு நோட்டு கிடைத்திருப்பதால் யாருக்கு, எந்த மாதம், எந்த அளவு என்பதுவரை பார்க்கலாம். ஜோசப் பிளாக்பர்ன் 1755 வாக்கில் பாஸ்டனுக்கு வந்தார். ஜான் சிங்கிள்டன் காப்ளி 1738இல் அங்கேயே பிறந்தவர், 1774இல் கப்பலேறியவர் திரும்பவில்லை.

உதாரணம் ஒன்று. 'ஸ்மைபர்ட் வரைந்த காட்டன் மாதர்' என்று யாராவது விற்க வந்தால் படத்தைத் திருப்பிக்கூடப் பார்க்க வேண்டாம். மதபோதகர் காட்டன் மாதர் 1728 பிப்ரவரி 13இல் இறந்தார். ஸ்மைபர்ட் அமெரிக்கக் கரையில் கால் வைத்ததே 1729இல். மாதரை நேரில் பார்த்து வரைந்தவர் பீட்டர் பெல்ஹாம்.

மூலைஆப்பு | மார்ச் 5, காலை 11.15

அந்தப் பெல்ஹாம் படத்தையே சோதனைக்கு வைக்கலாம், இதைவிட நல்ல பாடம் கிடையாது. பெல்ஹாம் அதை மெஸ்ஸோடின்ட் (செப்புத் தகட்டிலிருந்து எடுக்கும் ஒரு வகை நிழல் அச்சு) அச்சாகவும் போட்டார், அமெரிக்காவில் செய்த முதல் மெஸ்ஸோடின்ட் அதுதான். கீழே லத்தீனில் மூன்று தகவல்கள்: வயது 65, ஆண்டு 1727, 'அண்மையில்வரை' பாஸ்டன் சபையின் போதகர். அதாவது இறந்த பிறகு அச்சிட்டது. ஆனால் அவர் இறந்தது 1728 என்று மேலே ஈயவெள்ளை எழுதியிருக்கிறார். முரண்பாடு போல இருக்கிறதா?

இல்லை. இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752 வரை புத்தாண்டு மார்ச் 25இல். பிப்ரவரி 13 அவர்கள் கணக்கில் இன்னும் 1727தான். நாம் 1728 என்கிறோம். ஜனவரி 1க்கும் மார்ச் 24க்கும் இடையில் வரும் எந்தத் தேதியையும் 1727/28 என்று இரட்டையாக எழுதிவைத்தால் குழப்பம் வராது.

வயது? மாதர் பிறந்தது 1662/63 பிப்ரவரி 12. இறக்கும்போது 65 முடிந்து ஒரே ஒரு நாள். படத்துக்கு உட்கார்ந்தபோது 64 முடிந்து 65 நடந்துகொண்டிருந்தது. லத்தீன் வயதுக் குறிப்பு பெரும்பாலும் நடக்கும் வயதைச் சொல்லும், முடிந்த வயதை அல்ல. நம் ஊர்ப் பெரியவர்கள் 'எனக்கு 65 நடக்குது' என்பது மாதிரியே. ஆகவே படத்தில் இருக்கும் வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கழிக்கும்போது ஒரு வருஷம் இப்படியும் அப்படியும் போகும் என்று விட்டுக்கொடுங்கள். அந்த ஒரு வருஷத்தை விடாமல் பிடித்துக்கொண்டு 'இது அவர் இல்லை' என்று தள்ளிய படங்களும் உண்டு.

திண்ணை | மார்ச் 5, மதியம் 1.08

உடையை வைத்து ஆண்டு சொல்வது எப்படி? பெண்கள் படங்களில் எல்லாம் ஒரே மாதிரி நீல சாட்டின் உடைதான் வருகிறது.

ஈயவெள்ளை | மார்ச் 5, மாலை 4.40

ஆண்களுக்கு உடை ஓரளவு உதவும், பெண்களுக்கு ஏமாற்றும். ஆண்களின் விக் 1690களில் தோளைத் தாண்டும், 1730களில் சுருங்கும், 1760களில் காதோரம் ஓரிரு சுருள், பின்னால் கட்டு. கோட்டுக் கையின் மடிப்பும் அப்படியே: முதலில் முழங்கை வரை பெரிது, பிறகு சிறிது.

பெண்கள் படத்தில் நீங்கள் பார்ப்பது பல நேரம் அவர்களுடைய உடையே அல்ல. லண்டனிலிருந்து மெஸ்ஸோடின்ட் அச்சுகள் கப்பலில் வரும். வாடிக்கையாளர் அதில் ஒரு சீமாட்டியைக் காட்டி 'இது மாதிரி' என்பார். ஓவியர் நிற்கும் நிலை, உடை, தோட்டம், நாய்க்குட்டி வரை அப்படியே எடுத்து முகத்தை மட்டும் மாற்றுவார். காப்ளி 1763 வாக்கில் வரைந்த திருமதி ஜெரத்மீல் பவர்ஸ் இதற்குப் பேர்போனது. லண்டன் ஓவியர் ரெனால்ட்ஸ் வரைந்த லேடி கரோலைன் ரஸ்ஸல் படத்தின் அச்சிலிருந்து உடை, நாய், கை எல்லாம் வந்துவிட்டன, முகம் மட்டும் மாசசூசெட்ஸ். மெர்சி ஓட்டிஸ் வாரன் அணிந்திருக்கும் நீல உடை காப்ளியின் வேறு பெண்கள் மேலும் இருக்கிறது.

வேலைக்கு உதவும் குறிப்பு: அச்சில் நிறம் கிடையாது. ஆகவே வடிவம் லண்டனுடையது, நிறம் பாஸ்டன் ஓவியரின் ஊகம். மூலம் எந்த ஆண்டு அச்சானதோ அதற்கு முன்னால் நகல் வந்திருக்க முடியாது. உடையை வைத்து ஆண்டு தேடுவதைவிட அச்சைத் தேடுவது பலன் தரும்.

மூலைஆப்பு | மார்ச் 6, காலை 7.55

முன்பக்கம் போதும். திருப்புங்கள். நான் பார்க்கும் வரிசை இது.

முதலில் அளவு. நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் அளக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில கேன்வாஸ் கடையில் தயாராக விற்றது, அளவுகள் நிலையானவை: 30×25 அங்குலம் தலையும் தோளும், 36×28 'கிட்கேட்', ஒரு கை தெரியும், 50×40 முழங்கால் வரை, 94×58 முழு ஆள். 48×38 என்று வந்தால் யாரோ ஓரம் வெட்டியிருக்கலாம். 1670களின் பாஸ்டன் படங்களுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஃப்ரீக் தம்பதி ஏறக்குறைய 42×36. கடை கேன்வாஸ் அப்போது அங்கே கிடையாது.

அடுத்து ஓரம். ஆணி அடித்த இடத்தில் துணி இழுபட்டு இழைகள் வில் மாதிரி வளைந்திருக்கும். நான்கு பக்கமும் வளைவு இருந்தால் படம் முழுசாக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நேராக ஓடினால் அந்தப் பக்கம் வெட்டுப்பட்டது. பேர்பாதி குடும்பப் படங்களில் வெட்டுப்பட்டது கீழ்ப்பக்கம், காரணம் ஈரச்சுவர். கையெழுத்தும் ஆண்டும் போவது அங்கேதான்.

பிறகு மரச்சட்டம். மூலைகள் ஆணியடித்து அசையாமல் இருந்தால் பழைய வகை. மூலையில் ஆப்பு தட்டி விரிக்கும் வகை 1750களை ஒட்டித்தான் வருகிறது. ஆப்புச் சட்டத்தில் இருப்பதால் 1720இன் படம் போலி என்று ஆகிவிடாது, சட்டம் மாற்றியிருப்பார்கள். ஆனால் சட்டத்தின் மேல் எழுதியிருக்கும் பெயர் சட்டத்தைவிடப் பழையதாக இருக்க முடியாது. இதை மறந்துவிட்டுத்தான் பலர் பின்பக்கக் கையெழுத்தைச் சாட்சியாக நிறுத்துகிறார்கள்.

ஆணி: கொல்லர் தட்டியது தலை ஒழுங்கில்லாமல், நான்கு பக்கமும் கூராகும். தகட்டிலிருந்து வெட்டியது 1790களுக்குப் பிறகு. உருண்டைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசி.

பின்துணி ஒட்டியிருந்தால் மேலே சொன்னதில் பாதி போயிற்று. மாவும் விலங்குப் பசையும் தடவிப் புதுத் துணி ஒட்டி, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவார்கள். தூரிகைத் தடத்தின் மேடு தட்டையாகிவிடும், பழைய பின்பக்க எழுத்து இரண்டு துணிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். ஒட்டியவர் நல்லவராக இருந்தால் அந்த எழுத்தைப் புதுத் துணியில் நகலெடுத்திருப்பார். நகலெடுக்கும்போது 1 ஏழாகும், 3 எட்டாகும். பின்னாலிருந்து பலமான விளக்கைப் பிடித்தாலோ அகச்சிவப்பில் எடுத்தாலோ நடுவில் இருப்பதைச் சில நேரம் படிக்கலாம். உரித்துப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

ஈயவெள்ளை | மார்ச் 6, காலை 9.10

நிறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரஷ்யன் நீலம் பெர்லினில் 1704-10 வாக்கில் கண்டுபிடித்தது. 1670 என்று சொல்லப்படும் படத்தின் உடையில் அது இருந்தால் கதை முடிந்தது. டைட்டானியம் வெள்ளை இருந்தால் 1920ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ.

மூலைஆப்பு | மார்ச் 6, காலை 9.32

முடியாது. எந்த அடுக்கில் என்று சொல்லுங்கள். பழைய நீலம் ஸ்மால்ட், அது எண்ணெயில் காலப்போக்கில் சாம்பலாகும். சாம்பலான இடத்தை 1800களில் யாரோ பிரஷ்யன் நீலத்தால் 'சரிசெய்து' வைத்திருப்பார்கள். மேற்பரப்பில் மட்டும் சோதித்தால் அசல் படத்தைப் போலி என்று தள்ளிவிடுவீர்கள். முதலில் புறஊதா விளக்கு: பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பிற்காலத் திருத்தம் கறுப்புத் திட்டாக நிற்கும். திட்டு இல்லாத இடத்தில், விரிசலின் ஓரத்தில், அடுக்குகள் தெரியும்படி குறுக்குவெட்டு மாதிரி எடுக்க வேண்டும். அடியில் பூசிய தளத்துக்கு ஒட்டினாற்போல அந்த நீலம் இருந்தால்தான் பேச்சு.

ஈயவெள்ளை | மார்ச் 6, காலை 9.50

ஒப்புக்கொண்டேன், அடுக்கு முக்கியம். முகம் பேய் மாதிரி வெளுத்திருப்பதற்கும் இதே காரணம் சொல்லலாம். கன்னத்துச் சிவப்பு பூச்சிச் சாயத்தில் செய்ததாக இருந்தால் வெளிச்சத்தில் பறந்துவிடும். ரெனால்ட்ஸின் படங்களில் அவர் உயிரோடு இருக்கும்போதே பறந்தது. காப்ளியின் முகங்கள் இன்னும் ரத்த ஓட்டத்தோடு இருக்கின்றன. 'அந்தக் காலத்துக் குளிர்' என்றெல்லாம் விளக்கம் எழுதுகிறவர்கள் இதைப் பார்க்கட்டும்.

பாரிமுனை | மார்ச் 6, மாலை 5.25

மாதர் பெயர் வந்ததால் கேட்கிறேன். நம் சென்னைக் கோட்டைக்காரர் எலிஹு ஏலுக்குக் கடிதம் எழுதி 'கல்லூரிக்கு ஏதாவது கொடுங்கள், உங்கள் பெயரை வைக்கிறோம்' என்று கேட்டது இதே மாதர்தானே?

ஈயவெள்ளை | மார்ச் 6, இரவு 8.15

அவரேதான், 1718 ஜனவரியில். ஏல் பிறந்தது 1649இல் பாஸ்டன், சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கிளம்பிவிட்டது. 1672இல் சென்னை, 1687 முதல் 1692 வரை ஜார்ஜ் கோட்டையின் தலைவர், பிறகு பதவி நீக்கம், 1699இல் லண்டன். மாதர் கேட்டதும் 1718இல் அனுப்பியது ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் உருவப்படம் ஒன்று. பொதிகளில் மஸ்லின், காலிக்கோ துணிகளும் இருந்தன. விற்றதில் சுமார் 562 பவுண்ட் வந்தது. அந்தத் தொகைக்கு, பிறகு ஏல் பல்கலைக்கழகமான கல்லூரியின் பெயரே கிடைத்தது.

அவர் முகம் எப்படி இருக்கும் என்பதற்கு 1717இல் ஈனக் சீமன் வரைந்த படம் ஏல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இன்னொன்றுதான் பேசவேண்டியது.

பாரிமுனை | மார்ச் 6, இரவு 8.40

கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் நடந்த முதல் திருமணம் ஏலுடையது, 1680 நவம்பர் 4. மணமகள் கேதரின், ஜோசப் ஹின்மர்ஸின் விதவை. ஹின்மர்ஸும் ஏலின் குட்டி மகன் டேவிட்டும் புதைக்கப்பட்ட கல்லறை உயர் நீதிமன்ற வளாகத்தில் கூம்பாக நிற்கிறது. வழக்குக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் நடக்கிறார்கள். சரி, சொல்லுங்கள், இன்னொன்று எது?

மூலைஆப்பு | மார்ச் 7, காலை 8.05

மேசைப் படம். 1719 வாக்கு, ஏல் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. ஏலும் அவர் குடும்பத்து ஆண்களும் மேசையைச் சுற்றி, கோப்பைகளில் மது, பின்னால் குழந்தைகள் விளையாடுகிறார்கள். வலப்பக்கம் பரிமாறும் கறுப்பினச் சிறுவன், கழுத்தில் பூட்டுப் போட்ட வெள்ளி வளையம். உடை நேர்த்தியாக இருப்பதால் 'வேலைக்காரப் பையன்' என்றே நெடுநாள் தலைப்பில் இருந்தது. வளையம் அதை மறுக்கிறது. அன்றைய லண்டன் செய்தித்தாள்களில் தப்பியோடியவர்களைத் தேடும் விளம்பரங்களிலேயே இந்த வகை வளையம் அடையாளமாகச் சொல்லப்படுகிறது.

2020இல் படத்தைக் கழற்றி அந்த இடத்தில் இக்கால ஓவியர் டைட்டஸ் காஃபரின் படம் ஒன்றை மாட்டிவிட்டு ஆய்வு தொடங்கினார்கள். ஓவியர் ஜான் வெரெல்ஸ்ட் என்று இப்போது குறிக்கிறார்கள். சிறுவனுக்குச் சுமார் 10 வயது. பெயர் கிடைக்கவில்லை. உட்கார்ந்திருக்கும் ஆண்களை அடையாளம் காண பிரபுக்கள் பட்டியல், உயில், திருமண ஒப்பந்தம் என்று தாள் தாளாக இருக்கிறது. பையனுக்கு ஒரு வரி இல்லை. கோட்டையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றிய ஆண்டுகளில் ஏல் அங்கே ஆலோசனைக் குழுவில் இருந்தவர் என்பதையும் இதோடு வைத்துப் படியுங்கள்.

இதே வளையம் கடலுக்கு அந்தப் பக்கமும் உண்டு. அன்னாபொலிஸில் யூஸ்டஸ் கூன் 1710 வாக்கில் வரைந்த ஹென்றி டார்னல் என்ற சிறுவனின் படம். பின்னால் கைப்பிடிச் சுவருக்கு அந்தப்புறம் வளையத்தோடு ஒரு கறுப்பினச் சிறுவன், கையில் சுட்ட பறவை. பின்னணியில் பிரம்மாண்டமான ஐரோப்பியத் தோட்டம். அப்படி ஒரு தோட்டம் மேரிலாந்தில் கிடையாது. தோட்டம் கற்பனை, வளையம் நிஜம்.

ஈயவெள்ளை | மார்ச் 7, காலை 10.20

வெரெல்ஸ்ட் என்றதும் சொல்ல வேண்டும். 1710இல் அமெரிக்கப் பூர்வகுடிகளில் மூன்று மோஹாக் தலைவர்களும் ஒரு மஹிகன் தலைவரும் லண்டனுக்குப் போனபோது, ராணி ஆன் கேட்டு நால்வரையும் முழு உருவமாக வரைந்தவர் இதே வெரெல்ஸ்ட். ஐந்தாவது ஆள் கடலிலேயே இறந்துவிட்டார். அந்த நால்வருக்கும் பெயர் இருக்கிறது, நால்வரில் ஒருவரான ஹெண்ட்ரிக் கையில் வாம்பம் (சிப்பி மணி கோத்த) பட்டையும் இருக்கிறது, மெஸ்ஸோடின்ட் அச்சும் வந்து பரவியது. கூட்டாளி என்று மதித்தால் பெயர் எழுதுகிறார்கள்.

பெயர் எழுதுவதால் மட்டும் எல்லாம் நலம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1735இல் கஸ்டாவஸ் ஹெசேலியஸ் பென்சில்வேனியாவில் லெனாபே தலைவர்கள் டிஷ்கோஹன், லபோவின்சா இருவரையும் வரைந்தார். காசு கொடுத்தது அந்தக் குடியேற்றத்தின் உரிமையாளர்களான பென் குடும்பம். முகச் சுருக்கமும் கழுத்துப் பையும் ஒப்பனையில்லாமல், அந்தக் காலத்திலேயே மிக நேர்மையான படங்கள். இரண்டு வருஷம் கழித்து அதே இருவர் 'நடந்த தூரம்' ஒப்பந்தத்தில் அடையாளமிட்டார்கள். ஒன்றரை நாள் நடக்கும் தூரம் என்று பேசிவிட்டு, வழியை முன்கூட்டியே வெட்டி, ஓடக்கூடிய ஆட்களை விட்டு, பென் குடும்பம் லெனாபேக்களின் நிலத்தை அள்ளிக்கொண்டது.

திண்ணை | மார்ச் 7, மாலை 3.15

அடிமையாக இருந்தவர்கள் தாங்களே வரைந்த படம் எதுவும் இல்லையா?

மூலைஆப்பு | மார்ச் 7, மாலை 4.02

பிரின்ஸ் டெமா. மாசசூசெட்ஸில் ஹென்றி பார்ன்ஸ் என்ற வணிகரின் அடிமை. லண்டனுக்கு அழைத்துப்போய் ஓவியர் ராபர்ட் எட்ஜ் பைனிடம் கொஞ்ச காலம் கற்க வைத்தார்கள். 1773இல் பாஸ்டன் பத்திரிகையில், பெயர் போடாமல், மிகக் குறைந்த கட்டணத்தில் முகம் எழுதித் தருவதாக விளம்பரம். அதே ஆண்டு அவர் வரைந்த துணி வணிகர் வில்லியம் டுகுயிட் படம் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டனில் இருக்கிறது. பார்ன்ஸ் தம்பதி படங்களும் கிடைத்திருக்கின்றன. புரட்சி வந்ததும் எஜமானர் பிரிட்டன் பக்கம் போய்விட, டெமா சுதந்திர மனிதராக மாசசூசெட்ஸ் படையில் சேர்ந்தார். 1778இல் இறந்தார்.

பாரிமுனை | மார்ச் 8, காலை 9.30

மாதர் குடும்பத்தை இன்னும் கொஞ்சம் இழுத்தால் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை வருகிறது, கவனித்தீர்களா? ஸ்மைபர்ட் 1730இல் பாஸ்டனில் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது புகழ்ந்து கவிதை எழுதியவர் மாதர் பைல்ஸ், காட்டன் மாதரின் தங்கை மகன். அவருடைய பேரன் மாதர் பிரவுன் பாஸ்டனில் பிறந்து லண்டனில் ஓவியரானவர். திப்புவின் இரண்டு மகன்களையும் 1792இல் கார்ன்வாலிஸ் பிணையாக வாங்கிக்கொள்ளும் காட்சியை வரைந்து பேர் வாங்கினார். இந்தியாவையே பார்க்காதவர்.

யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் 1781இல் சரணடைந்த கார்ன்வாலிஸை, பதினோரு வருஷம் கழித்து ஒரு பாஸ்டன்காரர் வெற்றி வீரராக வரைந்து காசு பார்க்கிறார். தொழில் தர்மம்!

ஈயவெள்ளை | மார்ச் 8, காலை 10.05

முகத்துக்கு ஆதாரம் என்று எடுக்க வேண்டாம் என்பது மட்டும் என் பங்கு. அதே காட்சியை வரைந்த ராபர்ட் ஹோம் படையோடு கூடவே இருந்தவர். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது நேரில் பார்த்தது என்று கூடாரத்திலேயே தெரியும்.

திண்ணை | மார்ச் 8, மாலை 6.48

கடைசியாக ஒன்று. ஊர் ஊராகப் போன ஓவியர்கள் குளிர்காலத்தில் தலையில்லாத உடம்புகளை வரைந்து வைத்துக்கொண்டு, கோடையில் வீடு வீடாகப் போய்த் தலையை மட்டும் ஒட்டுவார்களாமே. கை தெரிந்தால் தனிக் கட்டணம் என்றும் சொல்கிறார்கள்.

மூலைஆப்பு | மார்ச் 8, இரவு 9.20

தலையில்லாக் கேன்வாஸ் கதை எல்லா வழிகாட்டிகளும் சொல்வது. விற்காமல் மீந்த தலையில்லா உடம்பு இருந்தால் காட்டச் சொல்லுங்கள். கிடையாது. வேலை முறையும் ஒத்துவராது: முகத்தைத்தான் முதலில் போடுவார்கள், பின்னணியும் துணியும் அதைச் சுற்றி வரும். குறுக்குவெட்டில் கழுத்துத் துணியின் வண்ணம் தோலின் மேல் ஏறியிருப்பது அதனால்தான். உடம்புகள் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் மேலே ஈயவெள்ளை சொன்ன அச்சுகள்.

கட்டணம் கேன்வாஸ் அளவுக்கு. 1760களில் காப்ளி வாங்கியது தலை-தோளுக்கு 7 கினி, 50×40க்கு 14, முழு ஆளுக்கு 28. ரசீதுகளில் 9 பவுண்ட் 16 ஷில்லிங், 19 பவுண்ட் 12 ஷில்லிங் என்று வருவதைப் பார்த்து வேறு விலை என்று நினைக்காதீர்கள். லண்டனில் கினிக்கு 21 ஷில்லிங், மாசசூசெட்ஸ் நாணயக் கணக்கில் 28. 7ஐ 28ஆல் பெருக்கினால் 196 ஷில்லிங், அதாவது 9 பவுண்ட் 16. பெரிய அளவில் கை தானாகவே உள்ளே வந்துவிடும், 'கைக்குத் தனிக் காசு' என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். படச்சட்டம் தனி விலை.

ஈயவெள்ளை | மார்ச் 8, இரவு 9.41

சின்னப் படங்களுக்குத் தங்க, வெள்ளிக் கூடு செய்து கொடுத்தது வெள்ளி வேலைக்காரர் பால் ரிவியர், அவர் கணக்குப் புத்தகத்தில் காப்ளி பெயரில் பதிவுகள் இருக்கின்றன. 1768இல் காப்ளி ரிவியரைச் சட்டைக் கையோடு, விக் இல்லாமல், கையில் தேநீர்ப் பாத்திரத்தோடு வரைந்தார். அந்தப் படத்துக்கு ரசீது எதுவும் இல்லை. கூடு செய்த கணக்கில் கழித்துக்கொண்டார்களோ என்னவோ.